நெருஞ்சிக் கரைக்குத் திரும்பிய மந்தை

அந்தக் காலத்தில், ஆடும் பூச்சியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், கடலோர மணல்வெளியில் மாடத்தி என்றொருத்தி செம்மறி மேய்த்துவந்தாள். அங்கே நெருஞ்சி தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். நகத்தளவே உள்ள நீலப் பட்டாம்பூச்சிகள் அந்த இலைகளில்தான் முட்டையிடும். அவற்றின் புழுக்களுக்கு வேறு தீனி ஆகாது.

ஒருநாள் ஒரு கிடா புல்லோடு சேர்த்து நெருஞ்சிக் கொடி ஒன்றையும் கடித்துவிட்டது. அதில் முட்டையிட்டிருந்த பட்டாம்பூச்சி பதறிப்போய் மாடத்தியின் முகத்துக்கு நேரே வந்து படபடத்தது.

“என் பிள்ளைங்களைத் தின்னுட்டுதே உன் ஆடு! இனிமே இந்தப் பக்கம் ஓட்டிட்டு வராதே!”

மாடத்தியும் பிள்ளையைப் பறிகொடுத்தவள். மந்தையைத் திருப்பிக்கொண்டு மேற்கே குளத்துப் பக்கம் போய்விட்டாள்.

மழை பெய்தது. மேய ஆடில்லாத புல் இடுப்பளவு வளர்ந்தது. அதனடியில் வெயில் படாமல் நெருஞ்சி வெளிறி, பூக்காமலே அழுகியது. புழுக்கள் பட்டினியில் சுருண்டு விழுந்தன. கடைசியில் அந்த ஒரு பட்டாம்பூச்சிதான் மிஞ்சியது, வயிறு நிறைய முட்டையோடு, இறக்கிவைக்க ஓர் இலை இல்லாமல்.

எதிர்காற்றில் தத்தித் தத்திப் பறந்து, அது குளத்தங்கரையில் மாடத்தியைக் கண்டது.

“அக்கா, ஆடுகளை ஓட்டிக்கிட்டு வா. புல்லு எங்களை மூடிட்டுது.”

கிடா தலையைச் சிலுப்பியது. “வாய் தவறி ஒரு கொடி போனா, மறுபடியும் அழுவியே?”

“அழுவேன்தான். நீங்க வராட்டா அழுறதுக்கும் ஆளிருக்காது.”

மாடத்தி உடனே எழுந்தாள். கடற்கரைக்கு வந்ததும் கோலால் மணலில் ஒரு கோடு கிழித்தாள். “இப்போ இந்தப் பக்கம் மேயுங்க. நெருஞ்சி தலைகாட்டினதும் அந்தப் பக்கம் மாத்திடுவேன். ஒரே இடத்துல நின்னு வேரோட கறம்பித் தின்ன விடமாட்டேன்.”

ஆடுகள் பசியோடு மேய்ந்தன. ஐந்தாம் நாள் வெயில் தரையைத் தொட்டது. இறகு கிழிந்து, பறக்கவும் தெம்பில்லாமல் தேடிய பட்டாம்பூச்சி, ஒரு குளம்படிப் பள்ளத்தில் நெருஞ்சித் தளிரைக் கண்டது. அதில் முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டது. அது இட்டு முடிக்கும்வரை மாடத்தி மந்தைக்குக் குறுக்கே கோலை நீட்டி நின்றாள்.

அடுத்த நிலவுக்குள் கரையெல்லாம் நீலம் பறந்தது.

கரையோரத்து இடையர்கள் ஒரு பக்கம் மேயவிட்டு மறுபக்கத்தை ஆறப்போடுவது அன்று முதல்தான். செம்மறியின் காலடியில் எழும்பும் நீலப் பூச்சிகள், அது கடந்துபோனதும் அதே இடத்தில் இறங்கி உட்காருவதும் அன்று முதல்தான்.