சேலையில் சுற்றிய டயர்

நாச்சிமுத்து அண்ணன் அந்த டயரைச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

நாங்கள் கோயமுத்தூர் கணபதியில் குடியிருந்த வருஷம் அது. மைனாவதியின் டயர் கடைக்குப் பின்னால்தான் எங்கள் ஒற்றை அறை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றால் கடை முழுதும் தெரியும். நான் அதிகம் பேச மாட்டேன். அதனால் நான் நிற்பதையே மறந்துவிட்டு அவர்கள் பேசுவார்கள்.

மைனாவதிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ரேஸ் பைக்குகளுக்கு டயர் மாட்டுவாள். தானும் ரேஸ் ஓட்டுவாள். நாச்சிமுத்து அண்ணனுக்கு நாற்பத்தேழு. பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளக்கிற வெர்னியர் இருக்கும்.

இவர்களில் குரு அவள். சிஷ்யன் அவர்.

இளவயதில் அவரும் பெரிய வண்டியில் ரேஸ் ஓட்டினவர்தான். மகள் பிறந்ததும் வண்டியை விற்றுவிட்டார். மகள் காலேஜ் சேர்ந்த வருஷம் ஆசை திரும்பி வந்தது. நாற்பத்தைந்து தாண்டினவர்களுக்கு ஒரு ரேஸ் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பட்டறைக்குப் போய்வருகிற சின்ன வண்டியிலேயே ரேஸ் தடத்தில் பழகப் போனார். இரண்டாவது வளைவில் விழுந்தார்.

வண்டியை இங்கே தள்ளிக்கொண்டு வந்தபோது மைனாவதி அவருடைய சிராய்த்த முட்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. டயரை மட்டும் பார்த்தாள்.

"வளைவுக்குள்ள போனப்பொறவு பயந்து பிரேக் புடிச்சீங்களாங்ணா?"

அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இனி நீதான் அம்மிணி எனக்குக் குரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

அவள் பழத்தை எடுத்துக்கொண்டு வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தாள். "இதை நீங்களே மெல்லுங்ணா. பேச்சு குறையும்."

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவளிடம் பழகினார். எல்லா வளைவும் வந்தது. அந்த இரண்டாவது வளைவு மட்டும் வரவில்லை. அங்கே போனாலே கை தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறது என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ். வியாழக்கிழமைதான் அந்தச் சேலை மூட்டையோடு வந்தார்.

"சேலை யாருதுங்ணா?"

"என்ற சம்சாரத்துது. அவளுக்குத் தெரியாது. நீயும் சொல்லிப்போடாதே."

பிரித்தார். உள்ளே ஒரு பின்சக்கர டயர். அவருடைய வண்டியில் இருப்பதைவிட நல்ல அகலம்.

"பெரிய வண்டியை வித்தேன். இதை மட்டும் விக்கல. பதினெட்டு வருஷமா பரண்ல கெடக்குது. இதுல ஓட்டினவரைக்கும் நான் ஒருக்காகூட விழுந்ததில்ல அம்மிணி. இதை மாட்டிக் குடு. அந்த வளைவை நான் பார்த்துக்கறேன்."

மைனாவதி அதை மடியில் வைத்துத் தடவினாள். நகத்தால் அழுத்தினாள். நகம் பதியவில்லை, ரப்பர் அத்தனை இறுகியிருந்தது. பிறகு விரலை நடுவிலிருந்து ஓரம்வரை மெதுவாகக் கொண்டுபோனாள்.

"ஓரம் வரைக்கும் தேஞ்சிருக்குது. பயமே இல்லாம சாய்ச்சிருக்காரு, இதை ஓட்டினவரு."

"ஓட்டினவரு என்ன ஓட்டினவரு? நான்தான்."

அவள் டயரின் பக்கவாட்டிலிருந்த அளவு எண்களைத் துடைத்துப் படித்தாள்.

"என்ற வண்டி ரிம்முக்குச் சேராதுன்னு சொல்லப்போறே. அதானே? எனக்குந் தெரியும். அந்தச் சக்கரமும் பதினேழு அங்குலம், இதுவும் பதினேழு அங்குலம்."

"உசரம் ஒண்ணுதானுங். அகலம்?"

"அகலம் கொஞ்சம் கூட. அகலமா இருந்தா நல்லா புடிக்கும்தானே?"

"பட்டறைல ஒரு மயிரிழை கூடிப்போனா என்ன பண்ணுவீங்?"

"பீஸைத் தூக்கி வீசிருவேன்."

"இந்த டயர் கேக்கறது நாலங்குல ரிம்மு. உங்களுது ரெண்டரை."

"அது இரும்பு, இது ரப்பர். வளைஞ்சு குடுக்கும். நான் ரேஸ் ஓட்டறப்ப உனக்குப் பல்லு மொளைச்சிருக்காது, எனக்குச் சொல்ல வந்துட்டா."

"இப்ப மொளைச்சிருச்சுங்ணா." அவள் எழுந்தாள். "வளைஞ்சுதான் குடுக்கும். வளைஞ்சப்பொறவு எப்படி நிக்குதுன்னு பார்ப்போம்."

பின்வாசல் பக்கம் திரும்பினாள். "கண்ணு, கோலமாவு இருக்குதா?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. டப்பாவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடை முன்னால் சிமெண்டுத் தரையில் மாவை மெலிதாகத் தூவினாள். முதலில் வண்டியில் ஏற்கெனவே இருந்த டயரோடு அவரை ஏறி உட்காரச் சொன்னாள். ஒருமுறை மாவின்மேல் உருட்டினாள். தடம் விழுந்தது.

பிறகு அந்த டயரைக் கழற்றிவிட்டு, அவர் கொண்டுவந்ததை மாட்டினாள். மாட்டுவதற்குள் இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது. காற்று ஏறினதும் டயரின் இரண்டு பக்கமும் ரிம்முக்குள் நெருங்கிப்போய், சுருக்குப் பையின் வாயை இழுத்துக் கட்டினமாதிரி ஆயிற்று. நடு மட்டும் முட்டையின் கூர்ப்பக்கம்போலத் துருத்திக்கொண்டு நின்றது.

"ஏறுங்ணா."

ஏறினார். முதல் தடத்துக்குப் பக்கத்திலேயே உருட்டினாள்.

அவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். சின்ன டயரின் தடம் மூன்று விரல். பெரிய டயரின் தடம் இரண்டு விரல்கூட முழுசாக இல்லை.

நம்பாமல் வெர்னியரை எடுத்து அளந்தார். ஒருமுறைக்கு மூன்றுமுறை அளந்தார்.

"காத்தைக் கொறைச்சா?"

அவள் மறுக்கவில்லை. குறைத்தாள். அவர் ஏறி உட்கார்ந்து இடுப்பை அசைத்தார். கயிறு தொய்ந்த கட்டிலில் உட்கார்ந்தமாதிரி வண்டி அப்படியும் இப்படியும் ஆடியது.

இறங்கிவிட்டார்.

பாப்பா மாவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். நான் உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபிறகு போக முடியவில்லை.

"அப்படின்னா ரிம்மை மாத்திரு அம்மிணி," என்றார். "அகல ரிம்மாப் போடு."

அவள் மறுப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"போச்சாது போங். மாத்திரலாம்." ஸ்பேனரை எடுத்தாள். "அந்தச் சேலையை இப்படி விரிங்ணா."

பின்சக்கரத்தைக் கழற்றிச் சேலைமேல் வைத்தாள்.

"ரிம்மு அகலமானா டயர் செயின்ல ஒரசும். செயினைத் தள்ளி வெக்கோணும்." செயினைக் கழற்றி வைத்தாள்.

"செயினைத் தள்ளினா சக்கரத்தைப் புடிச்சிருக்கற இந்தக் கவை பத்தாது. இதுவும் அகலமா வேணும்." அதையும் கழற்றினாள்.

"பார்த்து அம்மிணி, சேலைல கிரீஸ் ஆகுது. அவ என்னைக் கொன்னுருவா."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் கொல்ல மாட்டாங்க. பின்னால அத்தனை கனம் வந்தா முன்னால இந்த ஃபோர்க் தாங்காதுங்." முன்சக்கரமும் ஃபோர்க்கும் வந்தன. "அத்தனையும் இழுக்க இந்த எஞ்சினுக்குச் சீவனில்ல." எஞ்சினைக் கழற்ற அவரும் ஒரு கை பிடித்தார். பிடிக்கும்போது அவருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் பிடித்தார்.

டேங்க் வந்தது. கடைசியாக சீட்டும் வந்தது.

சேலையில் போட்டிருந்த பூ ஒன்றுகூடத் தெரியவில்லை. பூராவும் இரும்பு.

மைனாவதி கைகளைத் துடைத்துக்கொண்டாள். "இதுல இருக்கறது பூராத்தையும் மாத்திட்டோம்னு வைங். அப்ப அது எந்த வண்டிங்ணா?"

அவர் சேலைமேல் கிடந்த அகல டயரைத் தொட்டார். "என்ற பழைய வண்டி."

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதை ஓட்டினவரு. அவரை எந்தக் கடைல கேக்கறதுங்?"

ரோட்டில் பஸ் ஒன்று போனது. தரையிலிருந்த மாவு கொஞ்சம் பறந்தது.

நாச்சிமுத்து அண்ணன் கீழே உட்கார்ந்தார். தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. நரைத்த மீசையை ஒருமுறை தடவினார். பிறகு தன் சின்ன வண்டியின் ரிம்மை இழுத்து மடியில் வைத்து, வெர்னியரை விரித்து உள்ளகலத்தை அளந்தார்.

"ரெண்டரை," என்றார். "இதுக்கு எது சேருமோ அதைப் போடு அம்மிணி."

இரண்டு நாள் அவரும் அவளும் சேர்ந்து வண்டியைத் திரும்பப் பூட்டினார்கள். ரிம்முக்குப் பொருந்துகிற அளவில் புது டயர் வந்தது. அதன்மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அவள் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டுவிட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார்.

"நீங்க எதுவரைக்கும் சாய்ஞ்சீங்கன்னு நீங்க சொல்ல வேண்டாம். அது சொல்லும்."

ஞாயிறு சாயங்காலம் வந்தார். கோப்பை ஒன்றும் கையில் இல்லை.

"ஒம்பது பேர்ல ஆறாவது," என்றார். அதைச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின் டயரைக் காட்டினார்.

கோடுகள் அழிந்திருந்தன. நடுவில் இல்லை, பக்கத்தில் இல்லை. ஓரத்தில் மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தது.

"அளந்துட்டேன். ஒரு நூல்தான் பாக்கி," என்றார். சின்னப் பையன்மாதிரி இருந்தது அவர் முகம்.

"அந்த வளைவு?"

"கை விடல அம்மிணி. பயம் இருந்துச்சு. ஆனா கை விடல."

அவள் தலையை ஆட்டினாள். மிச்சமிருந்த வெள்ளையைக் கட்டைவிரலால் துடைக்கப் போனவள், துடைக்காமல் விட்டுவிட்டாள்.

இப்போது நாங்கள் வேறு ஊரில் இருக்கிறோம். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் கோலமாவைக் கிள்ளி எடுக்கும்போது சிலநாள் அந்த இரண்டு தடமும் கண்ணுக்குள் வரும். அப்புறம் அவர்கள் கடைசியாகப் பேசினதும் வரும்.

அந்த ஞாயிறு கிளம்பும்போது அவர் மூலையில் சாய்த்து வைத்திருந்த பழைய டயரைப் பார்த்தார். மைனாவதி சேலையைத் துவைத்து, மடித்து, அதன்மேல் வைத்திருந்தாள். கிரீஸ் கறை போகவில்லை.

"இதை என்ன பண்றது அம்மிணி? வீச மனசு வரல. வெச்சிருந்தாலும் ஆசை விடாது."

அவள் டயரைச் சேலையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"பரண்ல இது இருந்த எடம் காலியாத்தானே இருக்கும்? அங்க அளவு சரியா இருக்கும்ங்ணா."