கூடையைக் கிணற்றில் இறக்கிய கிளை

புத்திசாலிகள் எல்லாம் பட்டணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போன பிறகு, மேலக்குறிச்சி பங்குத்தரகுக் கிளையில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்: மேலாளர் அரங்கண்ணல், அவருக்குக் கீழே நாச்சியப்பன், குழந்தைசாமி.

ஒருநாள் காலை தலைமை அலுவலகத்து அதிகாரி போனில் பிடித்துக்கொண்டார்.

"ஈ.டி.எஃப். சிக்கலான முதலீடா இல்லையான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. பல கம்பெனிப் பங்குகளைப் போட்டு வச்ச கூடை மாதிரி அது. சந்தையோட ஏறும், இறங்கும். சாதாரண ஆளுக்குப் புரிஞ்சா எளிமை, புரியலேன்னா சிக்கல். சொதப்பினா கிளையை மூடிடுவேன்!"

அரங்கண்ணல் தன் நாற்காலியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இந்த நாற்காலி போனால் மாமனாரின் மாவு மில்லில்தான் போய் உட்கார வேண்டும். மாமனாரோ மில்லை நிறுத்தினாலும் பேச்சை நிறுத்தாதவர்.

"முதல்ல ஒரு கூடை வாங்குய்யா," என்றார் நாச்சியப்பனிடம்.

கூடை வந்தது. கம்பெனிக்கு ஒரு சாமான் வீதம் போட்டார்கள். கால் மூட்டை சிமெண்ட், சோப்பு, பிஸ்கட், தலைவலி மாத்திரை. வங்கிக்கு எதைப் போடுவது என்று முழித்துவிட்டு, கயிறு கட்டிய பேனா ஒன்றைப் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் எழிற்செல்வி ஈ.டி.எஃப். வாங்க வந்தார்.

"டாக்டரம்மா, இது உங்களுக்குப் புரியுதா?" என்று கூடையைக் காட்டினார் அரங்கண்ணல்.

"ஈ.டி.எஃப். தெரியும் சார். பல பங்குகளைச் சேர்த்து ஒரே பங்கு மாதிரி வாங்கி விக்கறது. இந்தக் கூடை எதுக்குன்னுதான் புரியல."

"புரிஞ்சுடுச்சு! எளிமை!" என்று குதித்தான் நாச்சியப்பன்.

"அவசரப்படாத," என்றான் குழந்தைசாமி. "நம்ம மூணு பேருக்கே புரியாதது இவங்களுக்குப் புரியுதுன்னா, இவங்க எப்படிச் சாதாரண ஆளு?"

அரங்கண்ணல் கண்ணை மூடி யோசித்தார். "நியாயம். புரிஞ்சவங்க சாட்சி செல்லாது. நீங்க சாயங்காலம் வாங்கம்மா."

"ஏறி இறங்கறதையாவது பாத்துடுவோம் சார்," என்றான் நாச்சியப்பன்.

பின்கட்டுக் கிணற்றில் கூடையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். இறங்கியதில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே முங்கியது. ஏற்றும்போதுதான் மூவருக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று. களைத்துப்போய் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால், சிமெண்டும் சோப்பும் பேனாவும் இறுகி ஒரே பாறையாகக் கிடந்தன.

அரங்கண்ணல் போனை எடுத்தார். "ஐயா, தீர சோதிச்சாச்சு. இறங்கறது சுலபம், ஏறறதுதான் கஷ்டம். ஒருதடவை முங்கிட்டா ஒண்ணையும் பிரிக்க முடியல. பிஸ்கட் நஷ்டம்."

அந்தப் பக்கத்திலிருந்து அதிகாரி கத்தினார்.

"கிளையைப் பூட்டிச் சாவியை இப்பவே கூரியர்ல அனுப்பித் தொலைங்கய்யா!"

அரங்கண்ணலுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் மேலிடத்து உத்தரவை மீறி அவருக்குப் பழக்கம் இல்லை. கதவைச் சாத்தி, உள்பக்கத் தாழ்ப்பாளில் பூட்டைப் போட்டு, சாவியை ஜன்னல் கம்பி வழியாகக் கூரியர்காரரிடம் நீட்டினார். வண்டி தெருமுனை தாண்டியது.

"சார், பூட்டச் சொன்னாங்க, பூட்டியாச்சு," என்றான் குழந்தைசாமி மெதுவாக. "ஆனா நாம இன்னும் ஆபீஸ்லதான இருக்கோம்?"

அரங்கண்ணல் சுற்றுமுற்றும் பார்த்தார். உண்மைதான். நாற்காலி அங்கேயே இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. ஓடிப்போய் அதில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்ற பல் டாக்டரைப் பார்த்து மலர்ந்து சிரித்தார்.

"வாங்கம்மா, உள்ள வாங்க! எங்க கிளையை இனி யாராலயும் பூட்ட முடியாது!"