முன்னால் பறந்தவளின் கூழாங்கல்

ஏரிக்கரையில் வாத்துகள் எல்லாம் கூடியிருந்தன. குளிர்காலம் முடிந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் பனிமலையைத் தாண்டி ஊர் திரும்ப வேண்டும். இதுவரை மலையில் முன்னே போன கிழ வாத்து இந்தக் குளிரில் இறந்துவிட்டது. இனி யார் முன்னால் பறப்பது?

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. நெடும்பயணத்தில் முன்னால் பறந்து, எதிர்க்காற்றைத் தாங்கி, வழி பார்த்த வாத்து, இறங்கியதும் இந்த ஏரிக்கரையில் தனக்கென்று ஒரு கூழாங்கல் வைக்கும். கல் அதிகம் வைத்திருப்பவரே மலை தாண்டும் நாளில் முன்னே போவார். மலையில் வழி தவறினால் குஞ்சு குளுவான்களோடு மொத்தக் கூட்டமும் பனியில் புதைய வேண்டியதுதான். அதனால்தான் இத்தனை கறார்.

கூட்டத்தின் தலைவர் பெருஞ்சிறகர். அவர் முன்னால் கல் குவிந்து கிடந்தது. கருவரி என்ற பெண் வாத்தின் முன்னால் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் மற்ற பயணங்களில் பல வருஷமாக முன்னால் பறந்து வந்தவள் அவள்தான்! அவள் கல் வைத்ததும் பெருஞ்சிறகர் வருவார். "தலைவன் நான். யார் பறந்தாலும் நான் பறந்த மாதிரிதான்" என்று அதை அலகால் தன் பக்கம் தள்ளிக்கொள்வார். கூட்டமோ நமக்கேன் வம்பு என்று தலையைச் சிறகுக்குள் செருகிக்கொள்ளும்.

ஏரியிலேயே வாழும் கூழைக்கடா என்ற பை அலகுப் பறவைதான் நடுவர். அது குவியலைப் பார்த்தது.

"பெருஞ்சிறகர்தான் முன்னால போகணும்" என்றது.

"நான் அவர் பின்னால போகமாட்டேன்" என்றாள் கருவரி.

"பெரியவர்கிட்ட பேசுற பேச்சா இது?" என்றது கூட்டத்தில் ஒரு வாத்து.

"அவர் பெரியவர்தான், இல்லேங்கல. ஆனா அந்தக் கல்லெல்லாம் நான் பறந்து வச்சது. இத்தனை நாள் போனா போகுதுன்னு இருந்தேன். அவருக்கு வழி தெரியாது. நாளைக்கு அவரை நம்பிப் போனா என் குஞ்சும் சாகும், உங்க குஞ்சும் சாகும். இனி விடமாட்டேன்."

"பச்சைப் பொய்!" என்றார் பெருஞ்சிறகர். "எல்லாத்துலயும் நான்தான் முன்னால பறந்தேன்."

"அப்படியா? இங்க வரும்போது வழியில புயல் அடிச்சுதே, அப்ப என்ன பார்த்தீங்க? சொல்லுங்க" என்றாள் கருவரி.

பெருஞ்சிறகருக்கு ஒரே சிரிப்பு. "உன் லட்சணத்தைத்தான் பார்த்தேன். உன் வாலு நடுங்கின நடுக்கம் இருக்கே! அதுல ஒரு இறகு வேற ஒடிஞ்சு தொங்கிச்சு. புயல் ஓயற வரைக்கும் என் கண்ணு முன்னாலயே ஆடிக்கிட்டு வந்துச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூழைக்கடா மெதுவாகக் கழுத்தைத் திருப்பியது.

"நீங்க முன்னால பறந்தீங்க. சரி. பின்னால வந்தவ வாலு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

பெருஞ்சிறகர் கல் குவியலைச் சிறகால் மூடப் பார்த்தார்.

"நான் பார்த்ததைச் சொல்றேன்" என்றாள் கருவரி. "கீழ ஆறு வளையிறதைப் பார்த்தேன். ரெண்டு கருமேகத்துக்கு நடுவுல ஒரு சந்து தெரிஞ்சுது. அது வழியாத்தான் உங்களைக் கொண்டுவந்தேன். வாலு நடுங்கினது நிஜம். பயந்துக்கிட்டேதான் பறந்தேன். ஆனா பறந்தது நான்."

அவள் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. நேராகக் குவியலுக்குப் போய் ஒவ்வொரு கல்லாகத் தன் பக்கம் தள்ளினாள். தலையைச் செருகியே பழகிய வாத்துகளும் ஒவ்வொன்றாக வந்து அவளோடு தள்ளின.

மறுநாள் மலைமேல் பனிக்காற்று வீசியது. கருவரி முன்னால் பறந்தாள். ஒரு குஞ்சுகூடக் குறையாமல் கூட்டம் ஊர் சேர்ந்தது. பெருஞ்சிறகரும்தான், வழக்கம்போல் அவள் வாலைப் பார்த்துக்கொண்டே.

பொறுப்பைச் சுமந்தவருக்கே அதன் பெயரும் சேர வேண்டும். அதை இன்னொருவர் தட்டிப் பறிக்கும்போது பேசாமல் இருப்பது அடக்கம் ஆகாது.