விற்றுப்போன டிரம்

இந்த வழக்கைப் பல பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஆளுக்கொரு தீர்ப்பு. நீங்களும் கேட்டுவிட்டு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

விருதுநகரில் மூக்கையா என்றொருவர். பழைய ஸ்கூட்டர்களை வாங்கிப் பிரித்து, பாகம் பாகமாக விற்பது பிழைப்பு. கடைக்கு ஆள் வருவது நின்று வெகுகாலம் ஆயிற்று. இப்போது மருமகள் கோமதி பாகங்களைப் படம் பிடித்து போனில் போடுகிறாள். பார்க்கிறவன் பேரம் பேசி, காசையும் போனிலேயே அனுப்புகிறான். முகம் தெரியாத வியாபாரம். முகம் தெரிந்த வியாபாரத்தில் மட்டும் என்ன கண்டோம் என்று மூக்கையாவும் விட்டுவிட்டார்.

ஒருநாள் பின்சக்கர பிரேக் டிரம் ஒன்றின் படத்தைப் போட்டாள். அந்த வண்டி நின்றுபோன மாடல். டிரம் புதிதாகக் கிடைக்காது. தன் முகத்துக்குப் பதில் சிங்கப் படம் வைத்திருந்த ஒருவன் கேட்டான். "உங்களுக்குத்தான்" என்று கோமதி எழுதினாள். காசும் வந்துவிட்டது. நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

கொடுப்பதற்கு முன் மூக்கையா அதை மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். நல்ல டிரம் என்றால் மணிபோல் கேட்கும். இது கீறல் விட்ட பானைபோல் கேட்டது. துடைத்துப் பார்த்தால் உள்பக்கம் மயிரிழை விரிசல். வேகமாகப் போகும்போது பிரேக்கை அழுத்தினால் பிளந்துவிடும், வெல்டு வைத்தாலும் தாங்காது. வண்டி ஆளைத் தூக்கி எறியும். "காசைத் திருப்பி அனுப்பிரு தாயி" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, சிங்கப் படத்துக்காரன் வாசலில் வந்து நின்றான்.

சாத்தூர் வெள்ளைச்சாமி. மூக்கையாவின் தங்கை பேச்சியம்மாளின் புருஷன். தன் மகள் சடங்கில், தாய்மாமன் மூக்கையா கொண்டுபோன சீரை வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு, ஊர்ப் பணக்காரன் ஒருவனின் சீரை முதலில் வாங்கியவன். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்தது.

"கடையை இங்க மாத்துனது தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன். வந்தாச்சு. குடுங்க, போறேன்" என்றான்.

"அது ஆகாது. விரிசல் விட்டிருக்கு."

"நேத்து இல்லாத விரிசல், என் மூஞ்சியப் பாத்ததும் விட்டுருச்சாக்கும்."

"தட்டிக் காட்டட்டா?"

"நீங்க தட்டுனா எதுவும் நல்லாக் கேக்காது மச்சான்."

கோமதி நடுவில் புகுந்தாள். "மாமா, விரிசல்னு சொல்லியாச்சு. காசும் அவுக காசு. தெரிஞ்சுதான் வாங்குறேன்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கொண்டுபோகட்டும். நம்ம மேல பழி வராது."

"போட்டாப் போச்சு" என்றான் வெள்ளைச்சாமி. "வெல்டு வச்சுக்கிடுவேன். வண்டி ஓடாமக் கெடக்குறதுலருந்து ஒங்க தங்கச்சிதான் கீரைக் கட்டைத் தலையில சுமந்து சந்தைக்குப் போறா."

வண்டி ஓடினால் கீரைக் கட்டோடு பின்சீட்டில் உட்காரப்போகிறவள் யார் என்பது மூக்கையாவுக்குத் தெரியும். எழுந்துபோய்ச் சம்மட்டியை எடுத்துவந்தார். ஒரே அடி. டிரம் இரண்டாகப் போயிற்று.

வெள்ளைச்சாமி துண்டுகளைக் காலால் தள்ளிவிட்டான். "சம்மட்டியால அடிச்சா நல்லதுந்தான் உடையும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

கோமதி காசைத் திருப்பி அனுப்பினாள். அவனோ, கோமதி படம் போட்ட இடத்திலேயே, ஊர் பார்க்க எழுதிவைத்தான்: "வாக்குக் கொடுத்து, காசும் வாங்கிக்கொண்டு, பகைக்காகப் பொருளை உடைத்தவர். யாரும் வாங்காதீர்கள்." அதற்குப் பிறகு மூக்கையாவிடம் ஒரு நட்டுகூட விற்கவில்லை.

வாங்கிய பொருள் தன்னுடையது என்றான் வெள்ளைச்சாமி. உண்மையைச் சொன்ன பிறகு கொடுத்துவிடலாம் என்றாள் கோமதி. அடுத்தவன் காசு கொடுத்த பொருளை உடைத்துப்போட்டார் மூக்கையா. இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: மூக்கையா பக்கம். காசு கொடுத்தவன் தன் கழுத்தைப் பணயம் வைக்கலாம், பின்சீட்டுக்காரியின் கழுத்தை வைக்க முடியாது. அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. பகைதான் காரணம் என்றால், வாயை மூடிக்கொண்டு டிரம்மைக் கொடுத்திருந்தாலே போதுமே. ஆனால் வெள்ளைச்சாமி நம்பாததையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். "பேச்சி உக்கார்ற வண்டி, மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்ல மூக்கையாவுக்கு நாக்கு வரவில்லையே. பேச்சியம்மாள் இன்றும் கீரையைத் தலையில்தான் சுமக்கிறாள். கழுத்து வலிக்கிறது என்கிறாளாம். வலிக்கட்டும். வலிக்கிறதற்குக் கழுத்து இருக்கிறதே.