பதினாறு திண்டும் ஒரு முதுகும்

வெண்ணாவல் நாட்டை முன்னொரு காலத்தில் ஆண்ட திருமுடிக்காரி ராஜாவுக்குப் பட்டப்பெயர் என்றால் உயிர். ஒரு பட்டத்துக்கு ஒரு திண்டு சிம்மாசனத்தில் ஏறும், அது அந்த அரண்மனை வழக்கம். அமைச்சர் அம்பலத்தரையர் புதுப்புதுப் பட்டமாகச் சூட்டிப் பதினாறு திண்டு ஏற்றிவிட்டார். ராஜாவின் கால் அந்தரத்தில் தொங்கியது. கீழே நிற்கும் அமைச்சர் புகழ்வது காதில் விழவேண்டுமே! கனத்த கிரீடத்தோடு ராஜா நாள் முழுக்கக் குனிந்தே இருப்பார்.

ஒருநாள் காலையில், "ஐயோ, இடுப்பு!" என்று அலறினார்.

தண்ணீர் சுமக்கிற பூவாத்தா அப்போதுதான் மூன்று குடத்தோடு நிமிர்ந்து வந்தாள். ராஜா ஒருதரம் அவள் நடையை மெச்சியதிலிருந்தே அமைச்சருக்கு வயிற்றெரிச்சல்.

"பிரபு, உங்கள் நிமிர்வைத் திருடியவள் இவள்தான்! இன்றே நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

பூவாத்தாவுக்கு வீட்டில் பால் மறக்காத பிள்ளை. அதை நினைத்ததும் வாய் வந்துவிட்டது.

"போறேன் சாமி. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போறேன். அமைச்சரையா கிரீடத்தோட உங்க இடத்துல குனிஞ்சு உட்காரணும். நீங்க உங்க பட்டங்களைச் சொல்லிக்கிட்டே மெதுவா உலாத்தணும்."

"பாக்கியம், பாக்கியம்!" என்று அமைச்சர் தாவி ஏறினார்.

உச்சிப்பொழுதுக்குள் ராஜாவின் இடுப்பு இளகியது. அமைச்சரோ இடுப்புப் பிடித்துக் கொக்கி மாதிரி வளைந்தபடியே மாட்டிக்கொண்டார்.

"அடடே, என் வலி இவருக்குப் போய்விட்டதே!"

"வலி எங்கேயும் போகலை சாமி. அந்த இருக்கையிலேயேதான் இருக்கு."

பூவாத்தா, தலைச்சுமைக்கு அடியில் வைக்கிற ஈரத்துணிச் சும்மாடுகளை நடுநடுவே வைத்துக் குடங்களை அடுக்கினாள். "இதுதான் சாமி முதுகு. எலும்பு மேல எலும்பு, நடுவுல சும்மாடு." அடுக்கை முன்பக்கம் சாய்த்தாள். சும்மாடு பின்னால் பிதுங்கியது. "இப்படிப் பிதுங்கித்தான் நரம்பை அழுத்துது."

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "திண்டுகளை எல்லாம் தூக்குங்கள்! பூவாத்தா, நீ எங்கேயும் போகவேண்டாம். என்ன வேண்டும், கேள்!"

"எனக்கு ஒண்ணும்... கிணத்துப் படிதான் ரொம்ப உசரம், நடுவுல ஒரு கல்லு வச்சா..."

"பூவாத்தா, பிள்ளை அழுவுதுடி!" என்று வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பாதிப் பேச்சிலேயே ஓடிவிட்டாள்.

அமைச்சரின் இடுப்பு தேறியதும், படிக்குக் கல் சுமக்கிற வேலையை ராஜா அவருக்கே கொடுத்தார். அவர் கல்லை எட்டப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். இடுப்பில் பிள்ளையோடு வந்த பூவாத்தா கூச்சத்தோடு சொன்னாள்:

"நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க ஐயா. இடுப்பு மறுபடியும் பிடிச்சுக்கிட்டா, நான் திருடினேன்னு சொல்லிடுவீங்க."