வண்ணமீன் கடைக்காரரின் கேள்வி

"ஆறாயிரம் பேர் பார்க்கறாங்க. ஆறு பேர்கூட வாங்க வர்றதில்ல. ஏம்மா?"

கேட்டவர் பாக்கியநாதன். கொளத்தூரில் இருபத்தெட்டு வருஷமாக வண்ணமீன் கடை வைத்திருப்பவர்.

கேட்டது ரெஹானாவிடம். மொட்டைமாடியில் செடி வளர்த்து, இன்ஸ்டாகிராமிலேயே விற்றுவிடுகிறவள். வயதில் அவருடைய மகளைவிடச் சின்னவள். அவளிடம் கேட்டால் வழி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மாடியேறி வந்திருந்தார்.

ரெஹானா பதில் சொல்லவில்லை. ரோஜாத் தொட்டியில் மண் கிளறிக்கொண்டிருந்தாள்.

"தினம் மூணு வீடியோ போடறேன். பாட்டுகூட சேர்க்கறேன்."

அவள் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.

"அப்பல்லாம் ஞாயித்துக்கிழமைன்னா கடையில நிக்க இடமிருக்காது. யார் வீட்டுத் தொட்டியில என்ன மீன் இருக்குன்னு எனக்கு மனப்பாடம். ஒரு வீட்டுல மீன் சுணங்கிக் கெடந்தா, நானே சைக்கிள்ல போய்த் தண்ணி மாத்திட்டு, அவங்க குடுக்கற காப்பியைக் குடிச்சிட்டு வருவேன்."

சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. பிறகு வாடியது.

"அந்த ஜனமெல்லாம் எங்க போச்சோ. பொங்கலோட கடையை மூடிடலாம்னு இருக்கேன்."

அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

பாக்கியநாதன் எழுந்துவிட்டார். "அரை மணி நேரமா பேசறேன். ஒரு வார்த்தை பதில் சொல்லலையேம்மா."

"கோவமாண்ணா?"

"வராதா பின்ன?"

ரெஹானா கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்க போனைக் குடுங்க."

அவருடைய கடைப் பக்கத்தைத் திறந்தாள். வீடியோக்களுக்கு அடியில் ஜனங்கள் எழுதியிருந்ததைக் காட்டினாள். விலை என்ன என்று ஒருவர். மீன் மூன்று நாளாகத் தின்னவில்லை, என்ன செய்வது என்று ஒருவர். நூற்றுக்கும் மேலே. ஒன்றுக்கும் பதில் இல்லை.

அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. நான்கு மாதத்துக்கு முன் யாரோ ஒரு பெண் எழுதியது.

"அங்கிள், கடை அதே இடத்துலதான் இருக்கா? சின்ன வயசுல அப்பாகூட வருவேன். என் பையனுக்குக் காட்டணும்."

பாக்கியநாதன் மறுபடி உட்கார்ந்தார். ஒற்றை விரலால் மெதுவாக எழுதினார்.

"அதே இடம்தாம்மா. கூட்டிட்டு வா. அப்பா நல்லா இருக்காரா?"

ரெஹானா டீ போட உள்ளே போனாள். அவள் திரும்புவதற்குள் போன் அதிர்ந்தது.

"அப்பா இப்ப இல்ல அங்கிள். பையன் செருப்பு மாட்டிட்டு வாசல்ல நிக்கறான்."