கிழக்கே பார்த்த எலும்புக்கூடு

கல்லாகிப்போன எலும்புகளை ஒட்டிச் சேர்க்கும் கூடத்தில் செலஸ்டினாவுக்குப் பெருக்கும் வேலை. கடலைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டதால், விளக்குமாறு தரையில் உரசுவதுகூட அவளுக்கு அலை மாதிரியே கேட்கும்.

கிழக்கே கடலோரத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போக லீவு கேட்டாள்.

"இந்த ராட்சசன் நாலு காலில் நிக்கட்டும், அப்புறம் போ," என்றார் பேராசிரியர் வைகுந்தநாதன். மாட்டுவண்டி நீளமிருந்த அந்த எலும்புக்கூட்டை அவர் பத்துத் தடவை நிறுத்தியிருந்தார். பத்துத் தடவையும் இடுப்பு கழன்று விழுந்தது.

"நான் பார்க்கட்டுமா ஐயா?"

"நீயா? தாராளமா."

திங்கட்கிழமை அவர் வந்தபோது, வலைக்கார முடிச்சுப் போட்ட கயிறுகளில், நாலு காலையும் விரித்து, கிழக்கே பார்த்துத் தொங்கியது அது.

"நிறுத்தச் சொன்னா தொங்க விட்டிருக்கியே?"

"இடுப்பு முதுகோட சேரவே இல்லையே ஐயா, எப்படி நிக்கும்? காலெல்லாம் கடலாமைத் துடுப்பு மாதிரி தட்டை. இது நீந்தின ஜீவன். கடலை விட்டு வந்தது தரையில விழுந்து விழுந்துதான் கிடக்கும். எனக்குத் தெரியாதா?"

பேராசிரியர் அந்தத் துடுப்பை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, அவளுடைய லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவள் திரும்பி வருவதற்குள் அது ஒரு முழம் கிழக்கே நகர்ந்திருந்ததாம். அளந்து பார்த்தவர் பேராசிரியரேதான்.